ஹிக்கின்ஸை எதால் வகுக்கிறீர்கள்?

ஃபேன்டஸி ஃபுட்பாலில் (நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் போட்டி), சின்சினாட்டி அணியில் ரிசீவர் ஜமார் சேஸ் இருக்கும்வரை சக ரிசீவர் டீ ஹிக்கின்ஸுக்குப் பெரிய மதிப்பில்லை என்கிறது ஒரு கட்டுரை. சீசன் மொத்தத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 2024இல் ஹிக்கின்ஸ் ஆடியதே 12 ஆட்டம்: 73 கேட்ச், 911 யார்டு, 10 டச்டவுன். பிபிஆர் கணக்கில் (கேட்சுக்கு 1, பத்து யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 6 புள்ளி) 73 + 91 + 60, ஆக 224. சீசனின் பதினேழு ஆட்டங்களால் வகுத்தால் 13. ஆடிய பன்னிரண்டால் வகுத்தால் 18-க்கு மேல். அந்த ஆண்டு சேஸ் 1,708 யார்டு எடுத்தும் இவருக்கு இவ்வளவு மிஞ்சியது!

ஏழு கேட்சுக்கு ஒரு டச்டவுன் என்ற விகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது சட்டென்று சரியும். ஆட்டத்துக்கு எத்தனை டார்கெட் (அவரை நோக்கி எறியப்பட்ட பந்து) என்று பாருங்கள். தொடைத் தசைக் காயம்தான் உண்மையான தலைவலி. வெள்ளிக்கிழமை பயிற்சி அறிக்கையில் காயம்பட்டவராக அவர் பெயர் இருந்தால், ஞாயிறு இரவு ஆட்டங்களில் அவரை ரிசீவர் இடத்தில் வைக்காமல் ஃப்ளெக்ஸில் (ஒன்றுக்கு மேற்பட்ட வகை வீரரை வைக்கக்கூடிய இடம்) வையுங்கள். கடைசி நேரத்தில் விலகினால் அங்கே ரன்னிங் பேக்கையும் (பந்தை ஏந்தி ஓடுபவர்) இறக்கலாம்.