எங்க ஊர் மலை

ராமேஸ்வரம் வருகிறவர்கள் ஆட்டோ பிடித்துக் கந்தமாதன பர்வதத்துக்கும் வருகிறார்கள். ராமர் பாதத்தைக் கும்பிட்டு, மேலே ஏறி நாலு படம் எடுத்துக்கொண்டு, "இதையா மலைங்கிறாங்க?" என்று கேட்டபடி இறங்கிப் போகிறார்கள். கேட்பதில் தப்பில்லை. அது ஒரு மணல்மேடு, மேலே இரண்டு அடுக்கு மண்டபம், அவ்வளவுதான். கொடைக்கானல் பார்த்த கண்ணுக்கு அது மேடாகக்கூடத் தெரியாது. ஆனால் இந்தத் தீவில் அதைவிட உயரமான தரை கிடையாது. எனக்குப் புத்தி தெளிந்தது அந்த மேட்டில்தான். ரொம்ப நாளாக எழுத நினைத்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

ஆறு வருஷம் ஆகிறது. கச்சான் காத்து ஓங்கியடித்த ஒரு விடியக்காலையில் எங்கள் நாட்டுப்படகு தென்கடலில் கவிழ்ந்தது. நாலு பேர் போனோம், மூணு பேர் வந்தோம். சித்தப்பா மகன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் ஒரு காலி டீசல் கேனைப் பிடித்து மிதந்திருக்கிறேன். காப்பாற்றிய படகுக்காரர்கள் கேன் பிடியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தித்தான் எடுத்தார்களாம்.

கரை சேர்ந்தால் பிழைத்தோம் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினால் மூச்சு முட்டியது. எட்டு மாதம் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். டீசல் வாசம் வந்தால் குமட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் விடியும் வரை அப்படியே. டாக்டர் பிறகு இதை ட்ராமா (trauma), மனசில் பட்ட காயம் என்றார். எங்க அப்பத்தா முதல் வாரத்திலேயே சொன்னது, "பயம் உள்ள தங்கிப்போச்சு."

அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. "மறந்துரு." "ஆம்பளப்புள்ள இப்படியா?" "மறுபடி ஒரு தடவ கடலுக்குப் போ, சரியாயிரும்." காத்து கருப்பு அடித்துவிட்டது என்று தாயத்துக் கட்டினார்கள். ஒரு சொந்தக்காரர், ஏர்வாடிப் பக்கம் எங்கேயாவது கொண்டுபோய்க் கட்டிப் போடுங்கள் என்று என் காதுபடவே சொன்னார்.

ஏர்வாடி தர்காவுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறவன் நான். பாதுஷா நாயகத்திடம் அழுதுவிட்டு மனசு லேசாகித் திரும்பியவர்களை நூறு பேரைக் காட்டுவேன். அந்த நம்பிக்கையை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று, அதே ஊரில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இவ்வளவுக்கும் பிறகு "கட்டிப் போடுங்க" என்ற வார்த்தை எங்கள் வீட்டு வாசலில் விழுந்தது. வயசானவர் என்பதால் ஒருவர் சொல்வதெல்லாம் ஞானம் ஆகிவிடாது. அதைச் சொன்னவருக்கும் எழுபது வயது.

அப்பத்தாவுக்கு இப்போது எழுபத்தஞ்சு. தனுஷ்கோடியில் பிறந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது வயது பதினாலு. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அலை தூக்கிக்கொண்டு போனது, அதிலிருந்த நூறு பேருக்கு மேல் ஒருவரும் மிஞ்சவில்லை என்பதெல்லாம் எல்லாரும் படித்ததுதான். புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியை, மனுஷர் வாழ லாயக்கில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அப்பத்தா இன்று வரைக்கும் படுக்கப் போகும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போடவிடாது. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கிழவியின் பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

ஒன்பதாவது மாதம் ஒரு சாயங்காலம், "வா, பர்வதம் வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்று கூப்பிட்டது. ராமநாதசுவாமி கோயிலிலிருந்து மூணு கிலோமீட்டர் போல இருக்கும். சாட்சி அனுமார் கோயிலைத் தாண்டி, ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டே அது முன்னால் நடந்தது. வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. படியேறி மேலே போய், மண்டபத்தின் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொரிகடலையில் பாதியை என் கையில் கொட்டியது.

அங்கிருந்து பார்த்தால் பனைகளும் உடைமரங்களும், கோயில் கோபுரம், டி.வி. டவர், சுற்றிலும் தண்ணீர். தண்ணீரில் மிதக்கிறவனுக்கு எதிரே அலை மட்டும்தான் தெரியும். கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஒன்பது மாதமாக நான் அந்த மட்டத்திலேயேதான் மிதந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கடலையும் கரையையும் ஒன்றாகப் பார்த்தேன். உடம்பில் என்னவோ தளர்ந்தது. அழவில்லை, பொரிகடலையைத் தின்றேன்.

மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். இருபது நாள் இருக்கும், அப்பத்தா தானாகப் பேசியது. "உசரம்னாத்தான்டா எனக்குத் தெம்பு. அன்னைக்கு மணத்தேரில, அந்த மணல்மேட்டுல, ஏறுனவுகதான் பொழச்சோம்." கொஞ்சம் நிறுத்தி, "தங்கச்சிய நாந்தான் புடிச்சிருந்தேன். ஈரக்கை. வழுக்கிருச்சு" என்றது.

அப்பத்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தது என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் அப்பாவுக்கே தெரியாது.

சித்தப்பா மகனின் கையை நான் பிடித்திருந்தேன் என்பதை அதுவரை நானும் யாரிடமும் சொன்னதில்லை. போலீஸ் விசாரணையில்கூடச் சொல்லவில்லை. அன்று சொன்னேன். "உன் தப்பு இல்லடா" என்று அப்பத்தா ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அதை ஏற்கெனவே பத்து பேர் சொல்லிவிட்டார்கள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. இருட்டிய பிறகுதான் இறங்கினோம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் இருந்த பாய் தாத்தா. மரைக்காயர் வீட்டுப் பெரியவர், போன வருஷம் மவுத்தாகிவிட்டார். கடலுக்குப் போகச் சொல்லி அவர் ஒருநாளும் என்னை வற்புறுத்தியதில்லை. வாசலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பார். நான் அந்தப் பக்கம் போனால் ஊசியை என்னிடம் நீட்டுவார். நான் அவசரப்பட்டுக் கிழிசலின் ஓரத்தைச் சேர்த்து முடிச்சுப் போட்டால், கத்தியை எடுத்து அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அறுத்துவிடுவார். "நைஞ்சது மேல முடிச்சு நிக்காது தம்பி. நல்ல கண்ணு வர்ற வரைக்கும் அறுத்துட்டு, அங்கேருந்து ஆரம்பி." வலையைப் பற்றித்தான் சொன்னார். கடலைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. நைலான் நூலும் உப்பு வாசமும் விரலுக்குப் பழகிய பிறகு, ஒருநாள் டீசல் வாசமும் குமட்டாமல் போயிருப்பதைக் கவனித்தேன்.

ராமநாதபுரத்துக்குப் போய் மனநல டாக்டரைப் பார்க்க வைத்ததும் அவர்தான். "துஆ செய்யறேன், அது என் வேல. மாத்திரைய நீ முழுங்கு" என்றார். ஒரு வருஷம் முழுங்கினேன். பர்வதமும் அப்பத்தாவும் மட்டுமே என்னைக் குணமாக்கியதாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. அந்தக் கையில் இருந்த பாரத்தை அப்பத்தாதான் இறக்கி வைத்தது.

சித்தி கதை வேறு. உடல் கிடைக்காத வீட்டில் துக்கத்துக்கு ஒரு தொடக்கமே கிடையாது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருஷம் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாயின் மனசுக்கு அந்தக் கணக்கும் இல்லை. மகனின் கைலியை வாரம் ஒருதரம் துவைத்து மடித்து வைக்கும். "காரியம் பண்ணிடு" என்று உறவுக்காரர்கள் நெருக்கினார்கள். அப்பத்தா மட்டும், "அவ துவைக்கட்டும், விடுங்க" என்றது. திதி தெரியாமல் போனவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசை இருக்கிறதே, மூன்றாவது வருஷம் அன்றைக்குச் சித்தி தானாகவே அக்னி தீர்த்தத்துக்குக் கிளம்பியது. கைலியை இன்னும் வைத்திருக்கிறது.

படகு உடைந்தால் நிவாரணம் கேட்டு மனு எழுத இந்தக் கரையில் நூறு பேர் இருக்கிறார்கள். கடலில் மாட்டித் தப்பியவன், இலங்கைச் சிறையில் கிடந்துவிட்டு வந்தவன், புருஷன் வராத வீட்டில் காத்திருக்கிறவள், இவர்களின் தூக்கத்தைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. மீனவக் கிராமத்துக்கு ஒரு மனநல ஆலோசகர் வாரம் ஒருநாளாவது வர வேண்டும், இதை நம் சங்கங்கள் கோரிக்கையில் சேர்க்க வேண்டும். அவர் வரும்போது ஊர்ப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். எங்களிடம் பேசும் பாஷை அவர்களிடம்தான் இருக்கிறது. 64 புயலை நினைவோடு பார்த்தவர்களில் ஆகச் சின்னவர்களுக்கே இன்று எழுபது நெருங்குகிறது. பலர் வீட்டு மூலையில் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்க்காத எதையும் நாம் பார்த்துவிடவில்லை. போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கேள்வி எதுவும் வேண்டாம். அப்பத்தாவுக்கு வாய் திறக்க ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

ராத்திரி தாங்க முடியாமல் இருக்கிறவர்கள் 14416-க்குப் போன் பண்ணுங்கள். மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலும் பேசலாம்.

அப்பத்தாவுக்கு முட்டி போய்விட்டது, இப்போது படியேற முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் போகிறேன். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் யாராவது வர நினைத்தால் உள்பெட்டியில் ஒரு வார்த்தை போடுங்கள். நாலரை மணிக்கு சாட்சி அனுமார் கோயில் வாசலில் நிற்பேன். பேச வேண்டும் என்று அவசியம் இல்லை. பொரிகடலை நான் கொண்டு வருகிறேன்.