சாலையிலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும்

மணப்பாடு என்ற கடலோர ஊரைப் பற்றி 'மினி கோவா' என்று இன்னொரு ரீல் வந்திருக்கிறது. டிரோன் மணப்பாட்டு மணல் திட்டை ஒரு சுற்று சுற்றி, திருச்சிலுவைக் கோயிலுக்கு மேலே ஏறி, சூரியன் இறங்குவதைக் காட்டிவிட்டு முடிகிறது. முப்பது விநாடி. அதில் ஒரு மனிதர்கூட இல்லை. ஊரையே காலி செய்துவிட்டுப் படம் எடுத்தது மாதிரி இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆனி மாதம் நானும் நண்பனும் தூத்துக்குடியில் கிளம்பி, மீனவ ஊர்களின் கத்தோலிக்கக் கோயில்களைப் பார்த்துக்கொண்டே, கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போனோம். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நேராக ஓட்டினால் மூன்று மணி நேரம். எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. வாங்கிய அரைக் கிலோ மக்ரூன் பழைய காயலைத் தாண்டவில்லை, அது வேறு கதை. நான் கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனால் இந்தக் கோயில்களுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. அதனால் சாமியார் யாராவது இதைப் படித்தால், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "போர்ச்சுக்கீசியர் கட்டிய தேவாலயங்கள்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எழுதுகிறார்கள். தூத்துக்குடி பனிமய மாதா கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1713இல் எழுந்தது. போர்ச்சுக்கீசியர் கையிலிருந்து 1658லேயே டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துவிட்டார்கள். கத்தோலிக்கரைக் கண்டாலே ஆகாத ஆட்சி அது. அந்த ஆட்சியில், அதே ஊரில், இவ்வளவு பெரிய மாதா கோயில் எப்படி எழுந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அந்த ஊர் ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

1530களில் முத்துக்குளிப்பில் வந்த சண்டையில் பாதுகாப்புக் கேட்டு இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்கள் போர்ச்சுக்கீசியரிடம் போனதும், கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதும், 1542இல் பாதிரியார் பிரான்சிஸ் சவேரியார் வந்ததும் பலரும் எழுதிய கதை. வேதம் கப்பலில் வந்தது, சரி. கோயில் கப்பலில் வரவில்லை. பிடித்து வந்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் வந்தது. கடலுக்குப் போனவன் கரைக்கு வந்ததும் கோயில் கணக்கைக் கழித்துவிட்டுத்தான் வீட்டுக் கணக்கு என்று எத்தனையோ தலைமுறை இருந்திருக்கிறது. இன்றைக்கும் பல ஊர்களில் திருவிழா வரி படகுக்குப் படகு பிரித்துத்தான் வாங்குகிறார்கள்.

இன்னொன்று, காரில் போகிறவர்கள் கவனிப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊர்களில் பலவற்றுக்குள் போவதே இல்லை. ஓர் ஆர்ச், கீழே ஒரு குருசடி (சிலுவை வைத்த சின்ன மாடம்), ஒரு டீக்கடை. அங்கே திரும்பி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பனையும் உடைமரமுமாகப் போனால் ஊர். பல இடங்களில் கோயிலின் முகம் கடல் பக்கம் இருக்கிறது. நாம் போய் நிற்பது அதன் முதுகுப் பக்கம். வாசல் எங்கே என்று சுற்றி வந்தால் கொடிமரம், அதற்கப்பால் மணல், வலை, படகுகள்.

புன்னைக்காயலுக்குப் போகாமல் யாரும் திருச்செந்தூர் போகாதீர்கள். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வந்தது. பதினாறே பக்கம். அதைத் தமிழில் ஆக்கிய போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் வருடக்கணக்கில் வாழ்ந்தது இந்தப் புன்னைக்காயலில். நாங்கள் போனபோது ஆற்றோரம் நான்கு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். "அது எங்க பாடத்துல இல்லண்ணே" என்றான் ஒருவன். அவன் மேல் தப்பில்லை.

வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, அப்புறம் குலசையை (குலசேகரன்பட்டினத்தை) தாண்டி மணப்பாடு. கருமேனியாறு கடலைத் தொடுகிற இடம். எதிரே மணல் குன்றின் மேல் சிலுவைக் கோயில். கரை ஒதுங்கிய கப்பலின் பாய்மரத்தில் சிலுவை செய்து நட்டார்கள் என்பது ஊர்க் கதை. நாங்கள் போனது மதியம் ஒரு மணிக்கு. கதவு பூட்டியிருந்தது. தட்டலாமா என்று யோசித்தபோது நிழலில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "நேரங்கெட்ட நேரத்துல வந்தா மாதாவும் தூங்கத்தாம்யா செய்வா" என்றார். வாயை மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது, வாயைத் திறந்தால் பல்லில் நறநறத்தது. 1544 ஜூனில் இதே கரையிலிருந்துதான் சவேரியார் இருபது தோணிகளோடு குமரிமுனைக்குக் கிளம்பினார். வடுகர் (தெலுங்கர்) படை தாக்கியதில் அங்கே சனங்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஒண்டிக்கிடந்தார்கள், பசியும் தாகமுமாக. உதவி கொண்டுபோனவரைக் காற்று விடவில்லை. துடுப்புப் போட்டும் கயிறு கட்டி இழுத்தும் போய்ச் சேர முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்பினார் என்று அவர் கடிதத்திலேயே இருக்கிறது. புனிதரின் அற்புதங்களை விட எனக்கு இந்தத் தோற்றுத் திரும்பிய பயணம் பிடித்திருக்கிறது. அந்தத் திண்ணையில் அந்தக் காற்றை ஒரு மணி நேரம் வாங்கிப் பாருங்கள், புரியும்.

உவரியில் அந்தோணியார் கோயில் முற்றத்தில் நோயோடு வந்து தங்கியிருக்கிறவர்கள் நிறையப் பேர். அங்கே கேமராவை எடுக்கவே கூடாது. கப்பல் மாதா கோயிலை மட்டும் வெளியே நின்று எடுத்தோம். கப்பல் வடிவக் கோயில், உச்சியில் ஆகாய விமானம். கட்டடக்கலைப் பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பிடித்தது.

இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் நின்றபோது 2011இல் டிவியில் பார்த்த அந்த அணு உலை எதிர்ப்புப் போராட்டப் பந்தல்தான் கண்ணுக்குள் வந்தது. பக்கத்திலேயே கூடங்குளம் அணு உலைக் கும்மட்டங்கள்.

இப்போது வயிற்றெரிச்சல். நடுவில் ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர், தேக்குப் பீடம் எல்லாம் போய், வழுக்கும் டைல்ஸ், எல்இடி சரவிளக்கு. பழைய பீடத்தின் ஒரு துண்டு, தேவதையின் இறக்கை, ஜெனரேட்டர் அறையில் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. தங்கப் பூச்சின் மேல் டீசல் பிசுக்கு. அதைத் தொட்டுப் பார்த்த விரலைத் துடைக்க மனம் வரவில்லை. இடிக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் யாராக இருந்தாலும், அது தப்பு. ஊர்ப்பணத்தில் கட்டியதை ஊர் இடிக்கலாம் என்று நண்பன் வாதாடினான். இந்த ஊர்ப்பணம் இந்தத் தலைமுறையின் பணம் மட்டும் இல்லையே என்றேன்.

வெளியே வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அதையே கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, பழசு நல்லாத்தானே இருந்தது?"

அவர் கையை நிறுத்தவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. பெலத்த கோயில். ஆனா கோபுரம் குட்டை. கோபுரத்தையும் பின்னால ஒத்தப் பனையையும் ஒரே நேரா வச்சுத்தான் பார் எங்க இருக்குன்னு புடிப்போம். ரொம்பத் தள்ளிப் போயிட்டா மறைஞ்சிரும். இது மறையாது."

"இப்பதான் எல்லாரிடமும் ஜிபிஎஸ் இருக்கே?"

"பேட்டரி போச்சுன்னா?"

பார் என்பது மீன் தங்குகிற கடலடிப் பாறை. திருச்செந்தூர்ப் பக்கம் போய்விட்டால் முருகன் கோபுரத்தைத்தான் குறி வைப்போம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்த விசேஷமும் இல்லை, நாம் பஸ் நிறுத்தம் சொல்வது மாதிரிதான். "அந்த அணு உலைக் கும்மட்டமும் நல்லாத் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பழைய கோயிலை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு கோபுரம் மட்டும் உயர்த்தியிருக்கலாம் என்று காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது. இப்போதும் இடித்தது தப்பு என்றுதான் சொல்வேன், ஆனால் முன்பிருந்த வேகத்தில் சொல்ல வரவில்லை.

கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயிலுக்கு இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். நல்ல கூட்டம். பாதிப் பேர் செல்பி.

பெரியவரிடம் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். காற்று அடங்கியதும் ஒருநாள் போட்டில் ஏற்றிக்கொள்கிறேன் என்றிருக்கிறார், அங்கிருந்து கோயில் எப்படித் தெரியும் என்று பார்க்க. ஒரே நிபந்தனை: வாந்தி எடுத்தாலும் பாதியில் கரைக்குத் திருப்பச் சொல்லக் கூடாது.