பன்றிக்கு இழுத்த கம்பி

குமரி மாவட்டம் பேச்சிப்பாறைப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு அரை ஏக்கர் மரச்சீனி, அதாவது மரவள்ளி. போன வருஷம் கிழங்கு முற்றும் நேரம் பார்த்து, பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் பாதியை உழுது போட்டுவிட்டது. மனுஷன் மோட்டார் ரூமிலிருந்து லைன் இழுத்து, முழங்கால் உயரத்தில் வரப்பைச் சுற்றிக் கம்பி கட்டினார். மூன்றாம் நாள் விடியுமுன் ரோந்து வந்த வனக்காவலர் கண்ணில் பட்டுவிட்டது.

பெரியப்பா விட்ட வார்த்தைகளில், "நீ பன்னிக்குக் காவலா, மனுசனுக்குக் காவலா?" என்பதை மட்டும்தான் இங்கே எழுத முடியும். அந்தத் தம்பி பதிலுக்குக் கத்தவில்லை. ஸ்விட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, கம்பியை முழங்கையில் சுருட்டிக்கொண்டே, "பன்னி வருமோ வராதோ அண்ணே, பால் வெட்டப் போற ஆளு இந்த வழியாத்தான வருவாரு?" என்றார். எங்கள் அண்ணன், பெரியப்பாவின் மூத்த மகன், தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தினமும் அந்த வரப்பில்தான் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறான்.

சோலார் வேலி ஒரு நொடி உதைத்துத் தள்ளிவிடும். லைன் கரண்ட் பிடித்தால் விடாது. அதைக் கழற்ற வருகிறவரைத்தான் நாம் 'பாரஸ்ட்காரன் தொல்லை' என்கிறோம். 2023 ஜூலையில் சிற்றாறு ரப்பர் தோட்டப் பக்கம் புலி ஆடு மாடுகளை அடித்தபோது, இதே ஆட்களைத்தான் 'எப்ப சார் வருவீங்க' என்று கூப்பிட்டோம்.

அரசு மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியைத்தான் வனத்துறை சுடலாம். 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1-க்குள் தொடவே கூடாது. மாவட்டமே ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர். அதில் 400-க்கு மேல் சரணாலயம். மலையடிவாரத்தில் எவனுக்கு 3 கிலோமீட்டர் தள்ளி நிலம் இருக்கிறது? இந்தக் கேள்வியையும் கையில் ஒரு கம்பை மட்டும் வைத்திருக்கும் அந்தக் காவலரிடம்தான் கேட்கிறோம். பாவம், அவர் என்ன சொல்வார்!

கம்பியைக் கழற்றிய கையோடு குழிகளைத் தன் செல்லிலேயே போட்டோ எடுத்து, நஷ்டஈட்டு மனுவை எழுதித் தந்ததும் அவர்தான். எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் விசாரிக்கப் போன பெரியப்பாவிடம் போட்டோ தெளிவாக இல்லை, வேறு கொண்டு வா என்றார்களாம். அந்தக் குழிகளில் இப்போது வாழை நிற்கிறது.