ஆட்சியாண்டுகளைக் கூட்டினால் கி.மு. ஆண்டு கிடைக்காது

"எகிப்திய மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் கூட்டினாலே துல்லியமான கி.மு. ஆண்டு வந்துவிடும்" என்று பரவும் செய்தி தவறு.

எகிப்தில் தொடர் ஆண்டுக்கணக்கு கிடையாது. புது மன்னர் வந்தால் மறுபடி 'ஆண்டு 1'. ஒரே காலத்தில் வெவ்வேறு ஊர்களில் ஆண்ட வம்சங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கூட்டினால் கணக்கு வீங்கிவிடும்.

ஹோரெம்ஹெப் என்ற மன்னரின் கல்லறையில் கிடைத்த மது ஜாடிகளில் எழுதியுள்ள ஆட்சியாண்டுகளில் 14-ஆம் ஆண்டுக்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் மேஸ் என்பவரின் நிலவழக்குக் கல்வெட்டு ஹோரெம்ஹெப்புக்கு 59-ஆம் ஆண்டு தருகிறது! அவருக்கு முன் ஆண்ட அக்கெனாத்தன் முதல் ஆய் வரையிலான மன்னர்களை மறைத்து, அவர்கள் ஆண்டுகளையும் ஹோரெம்ஹெப் பெயரில் எழுதியதாகவே அறிஞர்கள் கொள்கிறார்கள்.

இரண்டாம் ராமசேஸின் 52-ஆம் ஆண்டு அமாவாசைக் குறிப்பை வைத்துக் கணக்கிட்டாலும், அதே நாளில் அமாவாசை வரும் ஆண்டுகள் பல என்பதால், அவர் முடிசூடியது கி.மு. 1304, 1290, 1279 என மூன்று விடைகள் வரும். இன்று பெரும்பாலோர் ஏற்பது 1279. ஐயமற்ற ஆண்டுகள் கி.மு. 664-இல்தான் தொடங்குகின்றன.