தும்மலுக்கும் பிளேக்குக்கும் என்ன சம்பந்தம்?
'ரிங்கா ரிங்கா ரோசஸ்' 1665 லண்டன் பிளேக்கைப் பற்றிய பாட்டு, அதில் வரும் தும்மல் அந்த நோயின் அறிகுறி என்று இந்தக் கட்டுரையில் அடித்துச் சொல்லியிருப்பதை நம்ப முடியவில்லை. இங்கிலாந்தில் அது முதலில் அச்சானதே 1881-ல்தான். இருநூறு வருஷத்துக்கு மேல் குழந்தைகள் வாயில் மட்டுமே இருந்தது, ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்றால் இடிக்கிறதே! பிளேக் விளக்கம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. குழந்தைப் பாடல்களை ஆராய்ந்த ஓப்பி தம்பதி அதை ஏற்கவில்லை. பழைய வடிவங்கள் சிலவற்றில் தும்மலே கிடையாது, கடைசியில் முழங்கால் மடக்கி வணக்கம் சொல்வார்கள், அவ்வளவுதான். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், விவசாயியின் மனைவி வாலை வெட்டும் 'மூன்று குருட்டு எலிகள்' பாட்டில் வரும் எலிகள், இங்கிலாந்தின் மேரி ராணி எரித்த பாதிரிமார்தான் என்கிறார். அதன் 1609 அச்சில் வால் வெட்டும் வரியே இல்லை சார். பயங்கரத்தைத் தேடி வரலாற்றுக்குள் போவானேன்? 'ராக் எ பை பேபி'யில் கிளை முறிந்து, தொட்டிலோடு குழந்தை கீழே விழுகிறது. அதையும் தாலாட்டு என்றுதான் பாடுகிறோம்! என் மகளுக்கு எத்தனையோ ராத்திரி பாடியிருக்கிறேன். நாலு வயதில் ஒருநாள் "அப்புறம் பாப்பாவுக்கு என்னாச்சுப்பா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.