நூலகத்தில் எடுத்துப் படித்தால் எழுத்தாளருக்கு நஷ்டமா?

"நூலகத்தில் இரவல் வாங்கிப் படிப்பது எழுத்தாளர் வயிற்றில் அடிப்பது. காசு கொடுத்து வாங்கு, இல்லையென்றால் கிண்டிலில் படி" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

நூலகத்துக்குப் புத்தகம் சும்மா வந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்கு அடித்தளம் போட்டவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரியும் அதில் அடங்கியிருக்கும். அந்தப் பணத்திலிருந்துதான் பதிப்பகங்களிடம் புத்தகம் வாங்குகிறார்கள். ஆக, உங்கள் பங்கை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். கவிதை, ஆய்வு நூல் போடுகிற சிறு பதிப்பகங்களுக்கு நூலக ஆணை (நூலகங்களுக்காகப் புத்தகம் வாங்கும் ஆர்டர்) எவ்வளவு பெரிய ஆதரவு என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சரி, ஒவ்வொரு இரவலுக்கும் எழுத்தாளருக்குப் பணம் போகிறதா? இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் 1979-இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். அரசு நிதியிலிருந்து எழுத்தாளருக்குத் தொகை போகிறது, வாசகர் எதுவும் தர வேண்டாம். இங்கேயும் அப்படிக் கேட்க வேண்டியது அரசிடம்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சீட்டில் தேதி முத்திரை வாங்கிப் போகிற மாணவியிடம் அல்ல.