அது என்ன பால்?

கேம்பிரிட்ஜில் படித்த வருஷம், 'மே பாலுக்குப் போகிறேன்' என்று ஃபோனில் சொன்னதும் அம்மா, "அது என்னடி பால்?" என்றாள். நடன விருந்து என்று விளக்கினேன். போய்ப் பார்த்தால் அங்கே நடனத்தைத்தான் காணோம்.

பெயரில்தான் மே. நடப்பது ஜூனில், பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு. ராத்திரி உள்ளே போனால் விடிய விடிய டேஷிங் கார், ராட்டினம், வாணவேடிக்கை, பத்தடிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. நம்ம தீவுத்திடல் பொருட்காட்சியேதான். டெல்லி அப்பளம் ஒன்றுதான் பாக்கி. ஆனால் உடைக்கு மட்டும் அப்படியொரு கெடுபிடி. ஆண்கள் போ டை கட்டியாக வேண்டும். மாட்லின் கல்லூரியில் இன்னமும் வெள்ளை டையும் வால் கோட்டும்தான். நான் பட்டுப்புடவையில் போனேன். நள்ளிரவுக்குள் ஃபால்ஸ் முழுக்கப் பனியில் ஊறி, புல் ஒட்டி, சேற்று நிறத்துக்கு வந்துவிட்டது. ஆடுவதற்கென்று ஏற்பட்ட உடையைப் போட்டுக்கொண்டு எல்லோரும் பர்கருக்கு க்யூவில் நிற்கிறோம்.

அந்த ஊர்ச் சந்தையில், பழைய சாமான் விற்கிறவரிடம் நடன அட்டை ஒன்றைப் பார்த்திருந்தேன். உள்ளங்கை அளவு, நூலில் தொங்கும் குட்டிப் பென்சில். வால்ட்ஸ், போல்கா என்று வரிசையாக நடனங்கள், எதிரே யாரோடு ஆடுவது என்று கிறுக்கலாகப் பெயர்கள். நடுவே மூன்று வரி காலி. அந்த மூன்று பாட்டுக்கும் அந்தப் பெண் எங்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ!

அந்தக் காலமே தேவலை என்று சொல்ல வரவில்லை. டிரினிட்டி கல்லூரியின் பால் 1866இலிருந்து நடப்பது. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்ததோ 1948இல். அதுவரை படிக்கலாம், பரீட்சை எழுதலாம், ஜூன் மாதம் ஆடலாம், பட்டம் மட்டும் கிடையாது! ஆனாலும் அந்த அட்டை ஒரு வேலை செய்தது. முன்பின் தெரியாதவர்களோடு ஒரு பாட்டு நேரமாவது பேச வைத்தது. நாங்கள் ஐந்து பேராகப் போனோம், ஐந்து பேராகவே சுற்றினோம். விடிந்ததும் 'தாக்குப்பிடித்தவர்கள்' என்று எல்லோரையும் நிறுத்தி எடுத்த ஃபோட்டோவிலும் அதே ஐவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஒரு கூடாரத்தில் சைலண்ட் டிஸ்கோ. ஆளுக்கொரு ஹெட்ஃபோன், கேட்கிற பாட்டுக்குத் தக்கபடி அதில் சிவப்பு, பச்சை, நீலம் விளக்கு எரியும். பக்கத்தில் ஒரு பையன் பச்சையில் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தான். சரி, சேர்ந்து ஆடுவோமே என்று நானும் பச்சைக்கு மாற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் அவன் நீலத்துக்குப் போயிருந்தான்.